பூதிகோட்டை ரோட்டில் மட்டும் நிற்கும் கார்

மார்கரெட் டீச்சரின் பத்மினி கார் ரயில்வே கேட்டில், சரியாகத் தண்டவாளத்தின் மேல், நின்றுபோனது. கேட்மேன் "தள்ரீ, தள்ரீ" என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே ஓடிவர, பின்னால் தக்காளி ஏற்றி வந்த டெம்போக்காரர்கள் இறங்கித் தள்ளி அந்தப் பக்கம் சேர்த்தார்கள். கேட்டை மூடிய கொஞ்ச நேரத்தில் ஒரு எக்ஸ்பிரஸ் அந்த இடத்தைக் கடந்து போனதாம். பிறகு கார் தானாகவே ஸ்டார்ட் ஆக, டீச்சர் நேராக என் கடைக்கு வந்து இதைச் சொன்னார்.

நான் தங்கச் சுரங்கத்தில் ஆட்கள் இறங்கி ஏறும் கூண்டான கேஜை இயக்குகிற வைண்டிங் என்ஜின் ஹவுஸில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். சுரங்கத்தை மூடிய பிறகு அதை ஒட்டிய சாம்பியன் ரீப்ஸில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை போட்டேன். பழைய காரில் ஃபால்ட் பிடிப்பது எப்படி என்று புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தாலே கோபம் வருகிறது, வரட்டும்.

டீச்சர் மாரிகுப்பத்தில் தனியாக இருக்கிறார். கார் அவர் வீட்டுக்காரர் வாங்கியது. அவர் போன பிறகு டீச்சர்தான் ஓட்டுகிறார். புதனும் சனியும் பூதிகோட்டைக்குப் போவார். அங்கே அவர் தங்கை ஃபிலோமினா இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கை. அக்கா போய்த்தான் குளிப்பாட்டி, தலை வாரி, துணி மாற்ற வேண்டும். அக்கா வராத நாளில் அந்த அம்மாவுக்குக் குளியல் கிடையாது. கார் நின்றால் யாருக்கு நஷ்டம் என்று இப்போது புரிந்திருக்கும்.

எல்லாரும் சொன்ன வைத்தியம்

"ஒயரிங் பழசு, மொத்தமா மாத்திடுங்க." காரைப் பார்த்தவன் பார்க்காதவன் எல்லாரும் டீச்சருக்குச் சொன்னது இதுதான். எனக்கு இந்தப் பேச்சே ஆகாது. தலைவலி என்று வந்தவனுக்குத் தலையையே மாற்று என்கிற வைத்தியம் இது. ஃபால்ட் எங்கே என்று தெரியாதவன்தான் 'மொத்தமா' என்பான்.

பேட்டரி டெர்மினல், எர்த், இக்னிஷன் ஸ்விட்ச் எல்லாம் பார்த்தேன், சரியாக இருந்தன. பாயிண்டைச் சுத்தம் செய்தேன். சூடானால் மக்கர் பண்ணுகிற சாமான்கள் என்று, என்ஜினுக்குத் தீப்பொறி தருகிற காயிலையும் கண்டென்சரையும் மாற்றினேன். காலையில் ஸ்டார்ட் செய்து மத்தியானம் வரை கடை வாசலில் ஓடவிட்டேன், நிற்கவில்லை. நானே ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன், தங்கமாக ஓடியது. சனிக்கிழமை டீச்சர் எடுத்துக்கொண்டு போனார். பூதிகோட்டை ரோட்டில் நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் பெங்களூரிலிருந்து அவர் மகன் ஆல்வின் எனக்குப் போன் செய்தான். சாஃப்ட்வேர் கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறவன்.

"அங்கிள், வண்டியில ப்ராப்ளம் இல்ல. அம்மாதான் கிளட்ச்ச தப்பா விட்டுர்றாங்க. வயசாச்சு இல்ல? ஓட்டாதீங்க, வித்துடுங்கன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

கிளட்சைத் தப்பாக விட்டால் கார் குலுங்கி நிற்கும். அதனால் டீச்சரையே கேட்டேன்.

"குலுங்கலபா. யாரோ சாவியத் திருப்பி ஆஃப் பண்ணா மாதிரி அடங்கிப்போச்சு" என்றார். பிறகு குரலை இறக்கி, "ஆனா எனக்கே சந்தேகமா கீதுபா சேகர். காலு சொன்ன பேச்சு கேக்குதான்னு தெரியல. சாவிய ஆல்வின்கிட்டயே குடுத்துடலாம்னு பாக்கறேன். ஃபிலோவ நெனச்சாத்தான் மனசு கேக்கல" என்றார்.

நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்காரவைத்த மனுஷி அப்படிப் பேசியது எனக்குப் பொறுக்கவில்லை. "அடுத்த தபா நானும் வர்றேன் டீச்சர். நீங்க எப்பவும் போல ஓட்டுங்க" என்றேன்.

விளக்கு அணைந்த இடம்

புதன்கிழமை காயிலின் பிளஸ் முனையிலிருந்து ஒரு ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, டெஸ்ட் லேம்ப்பை டேஷ்போர்டின் மேல் வைத்தேன். காயிலுக்குக் கரண்ட் போகிறவரை விளக்கு எரியும். டீச்சர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போனேன். கியர் மாற்றுவதில் ஒரு குறை சொல்ல முடியாது.

கேட்டைத் தாண்டினோம். ராகி வயல்கள் ஆரம்பிக்கிற இடத்தில் விளக்கு பட்டென்று அணைந்தது. என்ஜின் அடங்கியது. சாவி ஆனில்தான் இருந்தது. டேஷ்போர்டின் சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அப்படியானால் ஸ்விட்ச் வரை கரண்ட் வருகிறது, ஸ்விட்சுக்கும் காயிலுக்கும் நடுவில் அறுபடுகிறது. ஊருக்குள் அறுபடாமல் இந்த ரோட்டில் மட்டும் அறுபடுகிறது. ஒயருக்கு ஊர் எல்லை தெரியுமா?

டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன். இந்த வயதில் இடுப்பு வளைவது லேசில்லை. பழைய ஒயர்களுக்கு நடுவில் ஓர் இடத்தில் புது இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் ரேடியோவுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதன் பக்கத்தில் கரண்டை அறுத்துச் சேர்க்கிற ஒரு ரிலே. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரிலே 'டிக்' என்றது. டெஸ்ட் லேம்ப் எரிந்தது. அங்கே நாங்கள் இருவரைத் தவிர ஆள் கிடையாது.

அது ஜி.பி.எஸ். பெட்டி. கார் எங்கே போகிறது என்று போனில் காட்டும். எங்கிருந்தாவது போனில் தட்டினால் காயிலுக்குப் போகிற கரண்டை ரிலே அறுத்துவிடும், மறுபடி தட்டினால் சேர்த்துவிடும். கார் திருடு போனால் திருடனை நிறுத்துவதற்காகச் செய்த சாமான்.

"இந்த ரேடியோவ யார் போட்டது டீச்சர்?"

"கிறிஸ்மஸுக்கு வந்தப்போ ஆல்வின்தான் போட்டுக் குடுத்தான். இன்னாபா, இன்னா ஆச்சு?"

சொன்னேன். மகனைத் திட்டுவார், இல்லை அழுவார் என்று நினைத்தேன். டீச்சர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே, "அப்போ என் காலு நல்லாத்தான் கீதாபா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் எனக்குத் தலைக்கேறியது. ரோட்டோரத்திலேயே அவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அங்கிள், ஜஸ்ட் சேஃப்டிக்குத்தான். அந்த ரோட்ல லாரிங்க எப்படி வருதுன்னு பாத்தீங்க இல்ல? சொன்னா அம்மா கேக்கமாட்டாங்க. ரெண்டு மூணு தபா நின்னா அவங்களே விட்டுடுவாங்கன்னு…"

"தண்டவாளத்து மேல நிறுத்துனியே, அதுவும் சேஃப்டிக்கா?"

"மேப்ல ரோடுதான் தெரிஞ்சுது அங்கிள். அங்க கேட்டு இருக்கறத நான் கவனிக்கல."

"டேய், உங்க தாத்தா கேஜ்ல எறங்குன ஆளு. கேஜ்ல மனுசங்க ஏறுனா அதுக்குன்னு தனி பெல் அடிப்பாங்க. அந்த பெல்லு கேட்டப்புறம் என்ஜின் ஹவுஸ்ல எந்தக் கொம்பனும் ஸ்விட்ச்ல கை வைக்க மாட்டான், மேனேஜரே வந்து சொன்னாலும். ஆளு உள்ள இருக்கும்போது கரண்ட் புடுங்கறவனுக்கு எங்க ஊர்ல இன்னா பேரு தெரியுமா?"

அந்தப் பேரையும் சொன்னேன். இங்கே எழுத முடியாது.

லாரிக்குப் பயந்தான் என்பதை நான் நம்புகிறேன். அது நியாயமான பயம்தான். ஆனால் காரை நிறுத்திவிட்டு, அந்தப் பழியைத் தாயின் கால் மேல் போட்டானே! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை. அதற்கு என்னையும் சாட்சி சொல்லக் கூப்பிட்டான். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

டீச்சர் என் கையிலிருந்து போனை வாங்கினார். "ஆல்வின், ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் வா. என் பக்கத்துல ஒக்காந்து சித்திய பாக்க வா. நான் ஓட்டறது சரியில்லன்னா என் மூஞ்சியப் பாத்து சொல்லு. சாவிய அங்கயே குடுத்துடறேன்" என்றார். குரல் பழைய வகுப்பறைக் குரலாக இருந்தது.

பெட்டியைக் கழற்றி, அறுத்த ஒயரைச் சேர்த்துச் சால்டர் வைத்தேன். ஃபிலோமினா அம்மாவுக்கு அன்று குளியல் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆல்வின் வந்தான், பக்கத்தில் உட்கார்ந்து போனான். திரும்பும்போது என் வீட்டு வாசலில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினான். "அம்மா நல்லாத்தான் ஓட்றாங்க அங்கிள்" என்றான், தானே புதிதாகக் கண்டுபிடித்ததைப்போல. சித்தியைக் குளிப்பாட்டத் தண்ணீர் தூக்கிக் கொடுத்தானாம், சட்டை நனைந்திருந்தது. சாவி டீச்சரிடமே இருக்கிறது.

இத்தனை வருஷத் தொழிலில் ஃபால்ட்டை ஒயரில் தேடித்தான் எனக்குப் பழக்கம். இப்போது வயதானவர்கள் யாராவது "கார் நின்னு நின்னு போவுதுபா" என்று வந்தால், பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன்: "நீங்க கார் ஓட்டறது வீட்ல யாருக்காவது புடிக்கலையா?" முக்கால்வாசிப் பேர் சிரித்துவிட்டு இல்லை என்கிறார்கள். சிரிக்காமல் தலையைக் குனிகிறவர்களும் உண்டு. அவர்கள் காரில் நான் முதலில் டேஷ்போர்டைக் கழற்றுகிறேன்.