சித்தி பேசினால் மட்டும் வரும் இரைச்சல்

எங்கள் கம்பெனியில் ஒரு தையல் மெஷின் சத்தம் மாறி ஓடினால், மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பும் முன்னால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பக்கத்தில் நின்று செத்த நேரம் காதைக் கொடுப்பேன். எண்ணெய் போதவில்லை, பெல்ட் தளர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். இதுவரை தப்பியதில்லை. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவள் தளவாய்புரத்தில் நைட்டி கம்பெனி நடத்துகிறாளே என்று வியக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்தக் காது பள்ளிக்கூடம் கொடுத்ததல்ல. பாவாடை கட்டிய வயதிலேயே, ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில், ஒரு இரைச்சலைத் துரத்திப் பிடித்த காது.

எண்பதுகளில் சித்தப்பா கல்யாணமான கையோடு துபாய்க்குப் போய்விட்டார். சித்தி ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துப் பெண். எழுதப் படிக்கத் தெரியாது. அவளுக்காகப் பெரியப்பாதான் கடிதம் எழுதுவார். பதில் வந்தால் அவரே கூடத்தில் உட்கார்ந்து தெருவுக்கே கேட்கும்படி வாசிப்பார். இரண்டிலும் சுகம் விசாரிப்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. இதைச் சித்தப்பாவும் உணர்ந்தாரோ என்னவோ, ஊருக்கு வந்த ஒருவரிடம் டேப் ரிக்கார்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பி, இனிமேல் பேசி அனுப்புங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்தில் எல்லோரும் கூடுவோம். பெரியப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஊர் விவகாரம் முழுவதும் பேசுவார். அப்பாவும் அம்மாவும் பேசுவார்கள். நான் பாடுவேன். கடைசியில் சித்தி அடுப்படி வாசலில் நின்றபடி, நல்லா இருக்கேன், உடம்பப் பாத்துக்கோங்க என்று சேலைத் தலைப்புக்குச் சொல்லுவாள்.

அங்கிருந்து பதில் கேசட் வந்தது. சித்தப்பா குரல் சலிப்பாக இருந்தது.

"எல்லாரு பேச்சும் கணீர்னு கேக்கு. அவ பேச ஆரம்பிச்சா மட்டும் உஸ்ஸுன்னு ஒரே இரைச்சல். ஒரு வார்த்தை வெளங்கல. அடுத்ததும் இப்படித்தான்னா, அண்ணனே பழையபடி காயிதம் போட்டுரட்டும்."

சித்தியின் கையில் புடைத்துக்கொண்டிருந்த சுளகு நின்றுவிட்டது. பெரியப்பா பேனாவைத் தேடப் போனார்.

அடுத்த வாரம் எங்கள் தெருக்காரர் ஒருவர் துபாய் கிளம்ப இருந்தார். அவர் கையில் நல்ல கேசட் போயாக வேண்டும். நான் இறங்கினேன்.

முதலில் டேப் ரிக்கார்டர் மெஷினில் டேப் உரசும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். உஸ் போகவில்லை. பிறகு யாரும் பேசாமல் பட்டனை மட்டும் அமுக்கி வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் உஸ் மிகப் பெரிதாக இருந்தது. மெஷினை வாயோடு ஒட்டிவைத்துக் கத்தினேன். உஸ் ஓடி ஒளிந்துகொண்டது. ஆக, பேச்சு தாழ்ந்தால் மெஷின் தானாகக் காதைத் தீட்டுகிறது. அப்போது பேச்சோடு இரைச்சலையும் சேர்த்து அள்ளிக்கொள்கிறது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மெஷினைச் சித்தியின் வாய்க்கு அருகே கொண்டுபோனேன். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"பக்கத்துல வந்து பேசு சித்தி!"

"எல்லாரும் இருக்காவல்லட்டி" என்றாள், உதடு அசையாமல்.

ஆள் நகரமாட்டாள் என்றால் இரைச்சலைத்தான் குறைக்க வேண்டும். கரண்ட் போகும் நேரத்துக்காகக் காத்திருந்து, பேட்டரி போட்டு ரிக்கார்டு செய்தேன். காற்றாடி நின்றது, பக்கத்து வீட்டுத் தறியும் நின்றது. உஸ் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்கு உள் அறையைப் பிடித்தேன். அப்பா கம்பெனியிலிருந்து மடித்துக் கட்டக் கொண்டுவரும் பேண்டேஜ் துணிக் கட்டுகள் அங்கே உத்தரம்வரை அடுக்கியிருக்கும். உள்ளே போய்ப் பேசினால் குரல் எதிரொலிக்காமல் பஞ்சில் விழுந்த மாதிரி நின்றுவிடும்.

சித்தியை அங்கே உட்கார வைத்தேன். பின்னாலேயே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பெரியப்பாவும் வந்துவிட்டார். பேசி முடித்துப் போட்டுக் கேட்டோம். சித்தி பேச்சுக்கு நடுவே பெரியப்பாவின் தொண்டைக் கனைப்பும், நாற்காலி முனகலும், ம்... ம்... என்று அவர் ஆமோதிப்பதும் அச்சாக ஏறியிருந்தன.

"பெரியப்பா, நீங்க வெளிய இருக்கணும்."

"நான் சும்மாதான இருக்கேன்? மனுசன் மூச்சு விடக்கூடாதாட்டி?"

"விடலாம் பெரியப்பா. தெருவுல போய் விடுங்க."

அம்மா சிரிப்பை அடக்க அடுப்படிக்குள் ஓடினாள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் எல்லோரையும் துரத்திவிட்டு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தேன்.

"நீயும் போ தங்கம்" என்றாள் சித்தி.

"நான் போனா பட்டனை யாரு அமுக்குவா?"

"நானே அமுக்கிக்கிடுதேன்."

இவ்வளவு பாடுபட்டவளை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். எனக்கு அழுகையே வந்தது. வெகுநேரம் கழித்து, டேப் தீர்ந்து பட்டன் டக்கென்று எழும்பும் சத்தம் கேட்டது. சித்தி கதவைத் திறந்தாள். கண் சிவந்திருந்தது, வாயில் சிரிப்பும் இருந்தது. போட்டுக் கேட்டுப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். கேசட்டை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வேண்டாம். நல்லாத்தான் வந்திருக்கும்."

சித்தப்பாவிடமிருந்து வந்த அடுத்த கேசட்டில், இந்தத் தடவை ஒரு இரைச்சலும் இல்லை என்று எனக்குத் தனியாக ஒரு பாராட்டு இருந்தது. பேண்டேஜ் துணி வைத்து உஸ்ஸை அடக்கியவள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த கேசட் அனுப்பும் நேரத்தில் துணிக் கட்டுகளெல்லாம் லாரியில் ஏறிப் போய்விட்டன. அறை காலி. தும்மினால் நான்கு சுவரும் திருப்பித் தும்மும். கட்டு வரும்வரை பொறு என்று எவ்வளவோ சொன்னேன். சித்தி கேட்கவில்லை. மெஷினை எடுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாள் போட்டாள். பக்கத்து வீட்டுத் தறி வேறு ஓடிக்கொண்டிருந்தது. கதவில் காதை ஒட்டவைத்தேன். என் காதுக்கே ஒரு சொல்லும் எட்டவில்லை. பதறிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"சித்தி, சத்தமாப் பேசு! இப்படிப் பேசினா மெஷினுக்குக் கேக்காது!"

உள்ளே அவள் சிரிக்கும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அவியளுக்குக் கேக்கும்ட்டி, நீ போ."

அந்தக் கேசட்டிலும் இரைச்சல் இல்லை என்றே சித்தப்பா சொல்லியனுப்பினார். ஒரு பலகைக் கதவைத் தாண்டாத பேச்சு துபாய்வரை எப்படிப் போனது என்று நான் பல நாள் யோசித்தேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்து, அதையும் தெருவெல்லாம் சொன்னேன்: பழகப் பழக மெஷினுக்குக் காது நன்றாகத் திறந்துவிட்டது.