சூலம் ஏந்திய சிவப்புக் குட்டிப் பேய்

கிள்ளானில் ஒரு மருத்துவமனை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் மகளின் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறேன். மோட்டார் சைக்கிள் விபத்தில் இதற்குக் கீறல்கூட இல்லை. அவள் இன்னும் கண் திறக்கவில்லை. மூடியில் ஒரு ஸ்டிக்கர்: கையில் சூலம் பிடித்த சிவப்புக் குட்டிப் பேய்.

என் சிறுவயதில் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில், கம்ப்யூட்டர் ஆப்பரேட்டரான அப்பா கொண்டுவந்த யூனிக்ஸ் கையேட்டின் அட்டையில் இதே பேய் இருந்தது. சரஸ்வதி பூஜையன்று அம்மா என் பாடநூல்களோடு அதையும் அடுக்கி, முனியாண்டி என்று நினைத்துப் பேயின் நெற்றியில் குங்குமம் வைத்தார். சாம்பிராணிப் புகைக்குள் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"முனியாண்டி இல்ல லா, அது பேய்! கம்ப்யூட்டர் உள்ளார கண்ணுக்குத் தெரியாம ஓடிக்கிட்டே இருக்கிற புரோகிராமுக்கெல்லாம் அதான் சின்னம்."

"சூலம் வச்சிருக்கு, தூங்காம வேல பாக்குதுங்கிறீங்க. அப்புறம் என்ன? காவல்தான்" என்றார் அம்மா.

இந்தக் கதையை நான் சொல்லக் கேட்டுத்தான் மகள் ஸ்டிக்கரைத் தேடி வாங்கி ஒட்டினாள்.

அது வெறும் சின்னம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பையிலிருந்த கோயில் குங்குமத்தை எடுத்து அதன் நெற்றியில் வைத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.