கிறிஸ்துநாயகத்தின் இரண்டாவது இன்ரவியூ

ஷட்டரை உயர்த்துவதற்கு முன் கிறிஸ்துநாயகம் சட்டைப் பையைத் தட்டுவார். பிறகு காற்சட்டைப் பையைத் தட்டுவார். இரண்டிலும் இருப்பது ஒரே பூட்டின் சாவிதான். மற்றது பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் முதலாவதால் திறப்பார். கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனுக்குக் கிட்ட இருக்கும் அந்தச் சின்னக் கடைக்குக் காலை ஐந்தரைக்குப் பால் வாங்க வரும் பஸ் சாரதி லதீசனுக்கு இது பழகிப்போன காட்சி. “என்னண்ணை, சிலுவை போட்டு முடிஞ்சுதோ? திறவுங்கோ, ஷிப்டுக்கு நேரமாகுது” என்பான்.

எதுவும் இரண்டாக இருக்க வேண்டும் அவருக்கு. மூக்குக் கண்ணாடி இரண்டு, போன் இரண்டு. சமையலறையில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தல் இரண்டு. ஒன்று நாலு வருடமாகப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. “நல்ல காலம், மனுசி மட்டும் ஒண்டு காணுமெண்டு விட்டிட்டார்” என்பார் அவர் மனைவி றோஸ்மலர். “அதுக்கு ஸ்பெயார் கிடைக்கேல்லை” என்பார் இவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மன்னாரில் பிறந்தவர். வயது ஐம்பத்தொன்பது. இருபத்தாறாவது வயதில் லண்டனுக்கு வரும் வழியில், பாங்கொக்கில் ஒரு விடுதி அறையில், ஆட்களைக் களவாக அனுப்பும் ஏஜென்சிக்காரன் “ஒருக்காப் பாத்திட்டுத் தாறன்” என்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனான். அந்த ஒருக்கா இன்னும் முடியவில்லை. அதன் பிறகு பதினொரு வருடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இவர் கையில் இருந்ததில்லை. இடையில் தாய் காலமானார். பங்குச் சுவாமியாரின் கடிதம் வந்து சேர்ந்தபோது ஊரில் முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்திருந்தது.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்த அன்று கூட வந்தவர்கள் எல்லாரும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்கள். இவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது ஒண்டுதானே?” என்றாராம். அந்தக் கேள்விக்குப் பதில் தேட இருபது வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறார். “ஒருத்தர் தந்ததை அவையே திருப்பி எடுக்கலாம். ரெண்டு நாடு ஒரே நாளில எடுக்காது பாருங்கோ” என்று பக்கத்து வீட்டில் இருக்கும் என்னிடம் விளக்கினார். கரீபியக் கடலில் ஒரு தீவு இருக்கிறது. அதன் வளர்ச்சி நிதிக்குப் பெரிய தொகை கட்டுகிறவரையும் குடும்பத்தையும் குடிமக்களாக ஏற்றுக்கொள்ளும். அதற்காகத் தனது இரண்டு கடைகளில் ரூட்டிங்கில் இருந்த பெரிய கடையை விற்றுவிட்டார்.

“ரெண்டு கடை ஒண்டாச்சு, ஒரு பாஸ்போர்ட் ரெண்டாகப் போகுது. நல்ல வியாபாரம்” என்றார் றோஸ்மலர். ஆனாலும் படிவத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். ஒரு கிழமை பேசாமல் இருந்துவிட்டுத்தான் போட்டார்.

இந்த முறை ஏஜென்ட் நகரத்தின் நடுவே கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தான். கோப்பியும் பிஸ்கட்டும் கொடுத்தான். கிறிஸ்துநாயகம் கேட்ட முதல் கேள்வி, “பாதி இப்ப, மிச்சம் அங்க போய்ச் சேர்ந்தாப் பிறகு, அப்பிடித்தானே?” கூடப் போன மகள் ஷெறோன் வெட்கத்தில் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏஜென்ட் யோசித்துவிட்டு, சிறு கட்டணம் இப்போது, பெருந்தொகை அனுமதி கிடைத்த பிறகு என்றான். “பாத்தியே, தொழில் மாறேல்லை. கோப்பி மட்டும்தான் புதுசு” என்றார் மகளிடம்.

எல்லாம் ஒப்பேறி, கடைசியில் ஒரு படி மிஞ்சியது. தீவின் அதிகாரி கணினித் திரையில் வந்து நேர்முகம் காண்பார். அதில் தோற்றால் விண்ணப்பம் மறுக்கப்படும். அந்த மறுப்பை இனி எந்த நாட்டின் படிவத்திலும் எழுதியாக வேண்டும். கடையோ போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், அவர்களிடம் வாங்கிய சட்டியை நான் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. முதலில் தமிழில் வரட்டும், பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுவோம் என்று ஏற்பாடு. ஷெறோன்தான் அதிகாரி.

“மிஸ்டர் கிறிஸ்துநாயகம், எங்கட நாட்டுக் குடியுரிமை உங்களுக்கு ஏன் வேணும்?”

அவர் எழுந்து நின்றார். “சேர், தொண்ணூறாம் ஆண்டு ஜூன் மாசம் எங்கட ஊருக்கு ஆமி ஷெல் அடிச்சது. நான் அப்ப...” பேசிக்கொண்டே இடது சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி முழங்கை வரை மடித்தார். ஷெல் துண்டு கீறிய நீளமான தழும்பு வெளியே வந்தது.

“அப்பா! நீங்கள் அகதி இல்லை. இன்வெஸ்டர்!”

“கேட்டதுக்குத்தானே பிள்ளை சொன்னனான்.”

“அவை பாவம் பாக்க வரேல்லை. இருங்கோ முதல். கடற்கரை பிடிச்சிருக்கு எண்டு சொல்லுங்கோ.”

அவர் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். “உங்கட கடற்கரை வடிவு, சேர். எங்கட கடற்கரையும் வடிவுதான். தொண்ணூறாம் ஆண்டு ஜூன் மாசம்...”

ஷெறோன் தலையில் கைவைத்தாள். அவளுக்கு இருபத்தேழு வயது. குறொய்டன் குடிவரவு அலுவலகத்தில் தகப்பன் ஆறு மணித்தியாலம் இருந்து, ஒரு திகதி பிசகாமல் சொல்லி, தழும்பைக் காட்டி, இந்த நாட்டில் இருக்க அனுமதி வாங்கியது அவள் பிறப்பதற்கு முந்திய கதை. அவர் வாழ்க்கையில் பாஸ் பண்ணிய ஒரே இன்ரவியூ அதுதான்.

“கெஞ்சாமல் கேக்கிறது எப்பிடி எண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை” என்றார். பிறகு, “பழகிறன்” என்றார்.

பழகினார். மூன்று கிழமை, கல்லாவில் நின்றபடி. தீவின் மாவட்டங்கள், பயிர்கள், தேசிய கீதத்தின் முதல் இரண்டு வரி எல்லாம் மனப்பாடம். எழுதிய தாள் வழக்கம்போல இரண்டு பிரதி. லதீசன் பாலுக்குக் காசு நீட்டும்போதெல்லாம் “ஏனண்ணை உங்களுக்கு எங்கட நாடு?” என்று அதட்டுவான். மாவட்டம் கேட்டால் தடங்கலில்லாமல் வரும். ஏன் என்று கேட்டால் மட்டும் கை சட்டைப் பொத்தானுக்குப் போய்விடும்.

முடிவில் வழி சொன்னவர் றோஸ்மலர். வெங்காயம் உரித்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். “பால் கொம்பனிக்காரனோட எப்பிடிக் கதைப்பியள்? இன்ன விலை, இன்ன நாள், வேணுமெண்டால் தா, இல்லாட்டிப் போ. அவனுக்கு எப்பவாவது காயத்தைக் காட்டினனீங்களே?”

கிறிஸ்துநாயகம் பேனையை எடுத்து, இரண்டு பிரதியிலும் ஒரு வரி எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி, தீவில் காலை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி இரண்டு, ஒன்று உதவிக்கு. கோட்டுக்குள் வெள்ளைச் சட்டை. றோஸ்மலரும் ஷெறோனும் நானும் சமையலறை வாசலில் நின்றோம். திரையில் தோன்றிய பெண் அதிகாரி வணக்கம் சொன்னார், பெயர் கேட்டார், தொழில் கேட்டார். பிறகு, புன்னகையோடு, அந்தக் கேள்வி வந்தது.

அவர் எழும்பவில்லை. ஆனால் வலது கை மெல்ல இடது சட்டைக் கைக்குப் போனது. ஷெறோன் தாயின் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

கிறிஸ்துநாயகம் அங்கே பொத்தான் பூட்டியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். பிறகு மற்றக் கைப் பொத்தானையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.