செவிலிமேட்டில் படுத்திருப்பவர்

பஸ்ஸின் ரேடியேட்டர் கொதிக்கிறது. கண்டக்டர் தண்ணீர் தேடிப் போக, நான் இறங்கி நடக்கிறேன். பாலாற்றுக் காற்றில் புழுதி மெல்ல மிதக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் திடலில், தென்னை நீளத்துக்கு ஒரு மண் மனிதர் மல்லாந்து கிடக்கிறார். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சுடலைமாடனும் இப்படிப் பெரிய ஆள்தான், ஆனால் நின்றுகொண்டிருப்பார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுகிறேன்.

“இன்னாங்க, போயும் போயும் துரியோதனனைக் கும்பிடுறீங்க!” பக்கத்தில் நிற்கும் பெண் சிரிக்கிறாள். “கூத்துல இப்பதான் பீமன் தொடையில அடிச்சு சாய்ச்சான்.”

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவளோ குங்குமத் தண்ணீரில் சிவந்த அந்தத் தொடையிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, பத்திரமாக முந்தானையில் முடிகிறாள்.

“எதுக்கும்மா?”

“நெல்லுல போட்டு வெப்போம், பெருகும். அதான் செத்துட்டானே. இனிமே அவன் நம்மூட்டு ஆளு.”