மொன்ஜியின் காதும் ஒரு பித்தளைக் கையும்

ஸ்ஃபாக்ஸ் நகரில் என் உதிரிபாகக் கடைக்கு நேர் எதிரே மொன்ஜியின் பட்டறை. இருபத்தாறு வருடமாக அந்த மனிதரைப் பார்க்கிறேன். வண்டி தெருமுனை திரும்பும்போதே நோயைச் சொல்லிவிடுவார். எஞ்சினின் மேல்பக்கம் டிக்டிக்கென்றால் வால்வு அல்லது ஆயில் குறைச்சல். கிறீச்சிட்டால் பெல்ட். உறுமினால் புகைக்குழாயில் ஓட்டை. அடியிலிருந்து கனமாகத் தட்டினால் பேரிங் போச்சு. அந்த வண்டியை ஓர் அடி நகர்த்த விடமாட்டார், சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். தலைக்கனம் பிடித்தவர். கெட்டிக்காரர் என்பதால் எல்லாரும் பொறுத்துக்கொள்வோம்.

போன கோடையில் ஒரு வியாழக்கிழமை காலை லஸ்ஹர் வந்தார். தெற்கே தூரத்திலுள்ள ததாவின் என்னும் ஊர்க்காரர், ஷேர் டாக்சி ஓட்டுகிறவர். அன்று மாலை ஆறு மணிக்கு ஊரில் அவருடைய ஒரே மகள் நவ்ரஸுக்கு மருதாணி இடும் சடங்கு. நாலு மணி நேரப் பாதை.

"அடியில டக்கு டக்குனு ஒரு சத்தம் உஸ்தா. கொஞ்சம் குனிஞ்சு பாருங்களேன்."

"குனியறதுக்கு என்ன இருக்கு? பேரிங். இதோட கிளம்பினா வழியில கேபெஸ் ஊரைக்கூடத் தாண்ட மாட்டே."

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் உஸ்தா..."

"நடு ரோட்டுல நின்னுகிட்டு என்னைத் திட்டுவே. சாவியைக் கொடு."

ஆயிலை வடித்து, எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றினார். பேரிங்குகள் பளபளவென்று இருந்தன. மறுபடி ஊர்ந்துபோய்த் துழாவியபோதுதான் அது கையில் பட்டது. குறுக்குச் சட்டத்தின் பின்னால் கம்பியால் கட்டிய, கிரீஸ் படிந்து கறுத்த பித்தளைக் கை. கண்ணேறு படாமலிருக்கக் கட்டுவது. கம்பி தளர்ந்து, எஞ்சின் அதிரும்போதெல்லாம் அடித்தட்டில் மோதியிருக்கிறது.

"நவ்ரஸ் வேலைதான். வண்டி வாங்கின அன்னிக்கு இதைக் கட்டத்தான் அடியில நுழைஞ்சிருக்கா" என்று லஸ்ஹர் டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். மணி மூன்று. மாட்டி முடிக்க இன்னும் ஒரு மணி நேரம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அந்தக் காதையும் கழட்டிச் சுத்தம் பண்ணுங்க மொன்ஜி!" என்று கத்திவிட்டேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு லஸ்ஹரின் போனை வாங்கி நவ்ரஸை அழைத்து, எங்கள் எல்லார் காதிலும் விழும்படி ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"அம்மாடி, மெக்கானிக் மொன்ஜி பேசறேன். உங்கப்பா வர எட்டு மணி ஆயிடும். நான் குனிஞ்சு பார்க்காம தப்பாச் சொல்லிட்டேன். அவரைக் கோவிச்சுக்காதே."

அந்த வாயிலிருந்து இப்படியொரு பேச்சை நான் கேட்டதேயில்லை.

"பரவால்ல மாமா" என்றாள் அந்தப் பெண். பின்னால் பெண்களின் குலவைச் சத்தம். "அத்தைங்க இப்பவே மருதாணிக் கிண்ணத்தோட உட்கார்ந்திருக்காங்க. நான் கையை மூடிக்கிட்டேன். அப்பா உள்ள வந்தப்புறம்தான் திறப்பேன். விரட்டாம, மெதுவாவே வரச் சொல்லுங்க."

மொன்ஜி போனை நீட்டினார். லஸ்ஹர் அந்தப் பித்தளைக் கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.