மோப்பக்காரனுக்கு ஒரே ஒரு ஃபோல்டர்

எங்கள் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவிக்குக் கெடுபிடி அக்கா என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவோம். கோபித்துக்கொள்ள மாட்டார், வேலையைக் கூட்டிக் கொடுப்பார்.

நெட்வொர்க்கில் போகிற வருகிற தகவலையெல்லாம் பிரித்துப் பார்க்கும் புரோகிராம் ஒன்று எங்களிடம் உண்டு. மோப்பக்காரன் என்போம். கண்டதையும் வாயில் போட்டு மெல்லுகிறவன். எவனாவது விஷமமாக எதையாவது அனுப்பி அவனை ஏமாற்றிவிட்டால், அதே கம்ப்யூட்டரில் இருக்கும் நோயாளிகளின் ரிப்போர்ட்டெல்லாம் கைவிட்டுப் போய்விடும். அதனால் அக்கா அவனுக்கு விதி எழுதினார்: ஒரே ஒரு ஃபோல்டரில்தான் படிக்கலாம், எழுதலாம். வேறு எங்கே கை வைத்தாலும், நிர்வாகியின் அதிகாரத்தோடு வந்தாலும், கம்ப்யூட்டரின் காவல் மறுத்துவிடும்.

அன்று காலை ஸ்கேன் படங்கள் ஆபரேஷன் அறைக்குப் போய்ச் சேராமல் திணறின. சர்ஜன் கை கழுவிவிட்டுக் காத்திருந்தார். காரணம் தேட, நெட்வொர்க்கில் ஓடியதைப் பதிவு செய்த ஃபைலை அக்கா தன் சொந்த ஃபோல்டரிலிருந்து மோப்பக்காரனின் ஃபோல்டருக்கு நகர்த்தினார். அவனால் திறக்க முடியவில்லை. அனுமதி இல்லை என்று வந்தது.

மேலாளர் ஓடி வந்தார். "அந்தக் காவலை மொத்தமா ஆஃப் பண்ணுங்கம்மா. எல்லா இடத்துலயும் அப்படித்தான பண்றாங்க?"

"பண்றாங்க சார். அப்புறம் ஆன் பண்ண மறந்துடறாங்க."

"உள்ள ஒருத்தர் படுத்திருக்காரு. இப்பப் போயி ரூல் பேசாதீங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் காவலை எடுக்க மனம் வரவில்லை. அவருடைய தங்கையின் ரிப்போர்ட் வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து கசிந்துதான், பேசி முடித்த கல்யாணம் நின்றது.

"அஞ்சு நிமிஷம் குடுங்க. முடியலைன்னா என் கையாலயே ஆஃப் பண்றேன்."

எதை ஏன் மறுத்தது என்று கம்ப்யூட்டரையே கேட்டார். பதில் வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒவ்வொரு ஃபைலுக்கும் அது எந்த இடத்துக்கு உரியது என்று ஒரு முத்திரை உண்டு. நகல் எடுத்தால் புது இடத்தின் முத்திரை விழும். நகர்த்தினால் பழைய முத்திரையோடே வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் தொழிலில் எல்லோரும் விழுகிற பள்ளம் இது. எங்களைத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தவரே அவசரத்தில் விழுந்திருந்தார்.

முத்திரையைத் திருத்தினார். மோப்பக்காரன் ஃபைலைத் திறந்தான். மூன்றாம் மாடியில் பழுதான நெட்வொர்க் பெட்டி ஒன்று அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் கேபிளைப் பிடுங்கியதும் படங்கள் போய்ச் சேர்ந்தன.

மேலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் உங்க ரூலால வந்த வினைதானம்மா?"

"இல்ல சார். ரூல் அது வேலையைச் செஞ்சுது. தப்புப் பண்ணது நான். எழுதின என்னையே அது விடலை. வேற எவனை விட்டுடப் போவுது?"