பொம்மைக்கு வைத்தியம்

மருத்துவக் கல்லூரிகளுக்கு உடலுறுப்பு மாதிரிகள் செய்து அனுப்பும் பட்டறையில் அவருக்கு ‘நரம்பு’ என்று பெயர். மஞ்சள் வண்ணத்தைத் தொட்டு மயிரிழை கனத்தில் நரம்பு வரைய அவரை விட்டால் ஆள் கிடையாது. பதினோரு வருடமாக ஆணுறுப்புப் பிரிவு அவர் பொறுப்பு. இடது விதை வலதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். விதையின் முதுகில் சுருண்டு கிடக்கும் குழாய் எடுப்பாகத் தெரிய வேண்டும். நூலளவு பிசகினாலும் உடைத்துவிட்டு மறுபடி வார்ப்பார். பள்ளிக்கூடம் எட்டோடு சரி. மற்றதெல்லாம் படம் பார்த்துக் கற்றது.

அப்பேர்ப்பட்ட கைக்கு ஒரு காலை, குளிக்கும்போது, எந்தப் படத்திலும் இல்லாத ஒன்று தட்டுப்பட்டது. வலது விதையின் பக்கவாட்டில், பயறளவு. வலி இல்லை. சுருள்குழாய் என்றால் பின்புறம் மெத்தென்று இருக்க வேண்டும்; இது கல். பட்டறை என்றால் அந்தக் கணமே உடைத்திருப்பார். இது சொந்த வார்ப்பு ஆயிற்றே! மூன்று வாரம் பொத்தி வைத்தார்.

அவர் மனைவி அதே பட்டறையில் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்குபவள்.

“என்னங்க, குளிக்கப் போனா வெளிய வரவே மாட்டேங்கறீங்க. உள்ள என்ன, தவமா?”

தரையைப் பார்த்துக்கொண்டு கட்டியைப் பற்றிச் சொன்னார்.

“டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“எப்படிக் காட்டறது? வெக்கமா இருக்கு.”

“வருஷத்துக்கு ஐநூறு செஞ்சு தள்ளறீங்க. ஒவ்வொண்ணையும் நான் தூசி தட்டி, காகிதம் சுத்தி அடுக்கறேன். எனக்கு வராத வெக்கம் உங்களுக்கு வந்துருச்சாக்கும்? கிளம்புங்க.”

கிளம்பினார். கையில் ஒரு பை. டாக்டரின் மேசைமேல் பையைப் பிரித்து, தான் செய்த மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார்.

“இந்த இடத்துல இருக்கு டாக்டர்.”

டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “வேலை பிரமாதம். ஆனா பொம்மைக்கு நான் வைத்தியம் பாக்கறதில்ல. திரைக்குப் பின்னாடி வாங்க.”

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்தது. புற்றுநோய்தான், வெளியே பரவவில்லை. அந்த விதையை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்றார் டாக்டர். உயிர் தப்பியதைக் கேட்டவர் மகிழ வேண்டுமே? நரம்புக்கு வேறு கவலை.

“அப்போ நான் பாதி ஆம்பளையா டாக்டர்?”

“மேஸ்திரி கீழ இல்லைங்க, மேல இருக்கார்.” டாக்டர் தன் நெற்றியைத் தட்டினார். “மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி. கீழ ஆண் ஹார்மோன் கொறஞ்சா, இன்னும் சுரன்னு ரத்தத்துல ஆள் அனுப்பும். போதும்னா அடக்கிக்கும். கீழ ஒருத்தன் போனா மத்தவன் ரெண்டு பேர் வேலையையும் பாப்பான். பெரும்பாலும் அதுவே போதும்.”

தலைப் பிரிவில் ஆள் வராத நாட்களில் மூளைக்கு அடியில் அந்தச் சுரப்பியை ஒட்டியதும் நரம்புதான். ஒட்டினாரே தவிர, அது என்ன வேலை செய்கிறது என்று கேட்டதில்லை. ஆண்மை முழுக்கத் தன் பிரிவுச் சரக்கு என்றல்லவா பதினோரு வருடம் கர்வமாக இருந்தார்!

அறுவை முடிந்து இரண்டு மாதத்தில் பரிசோதனை முடிவு வந்தது. நோய் இல்லை; ஹார்மோன் குறையவில்லை.

“மேஸ்திரி ஒழுங்கா வேலை வாங்கறாராம்” என்றார் மனைவியிடம்.

“வீட்டுலயும் அப்படித்தானே நடக்குது? புதுசா சொல்றீங்க.”

வேலைக்குத் திரும்பியதும் முதல் காரியமாக ரப்பரில் ஒரு விதை வார்த்தார். உள்ளே பயறளவு கல். முதலாளி பார்த்துவிட்டுக் கத்தினார்.

“என்ன நரம்பு, கட்டியோட வார்த்திருக்கே? கைப் பழக்கம் விட்டுப்போச்சா?”

“டாக்டர் கேட்டது முதலாளி, அவர்கிட்ட வர்றவங்க தொட்டுத் தெரிஞ்சுக்க. அமுக்கிப் பாருங்க. இப்படித் தட்டுப்பட்டா வெக்கத்தை மூட்டை கட்டிட்டு ஓடணும்.”

“சீ, இதெல்லாம் ஒரு பொருளா!” என்றவர், இரண்டு முறை அமுக்கிப் பார்த்துவிட்டே வைத்தார். மற்றவர்களும் வந்தார்கள், கேலி செய்தார்கள், ஆளுக்கொரு தரம் அமுக்கினார்கள்.

அன்று மதியம் பட்டறைக் கழிவறை வாசலில் வரிசை நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வரிசையின் கடைசியில், கூரையை ஆராய்ந்தபடி, முதலாளி.